ரீசார்ஜ் கடைத் தம்பி தங்கைகளுக்கு

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் கத்திவாக்கம் வரைக்கும் தெருவுக்கு இரண்டாகக் கடை போட்டு, ரீசார்ஜ் செய்து, சிம் மாற்றி, டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் குடியிருப்பவள். கன்டெய்னர் யார்டு ஒன்றில் பதினெட்டு வருஷமாக பில் போடும் வேலை. இந்த மடலை ஆப் கம்பெனிகளுக்கு எழுதியிருக்கலாம், வங்கிக்கு எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஜனங்களுக்குப் போனில் ஒரு சந்தேகம் என்றால் வங்கிப் படியேறுவதில்லை, கஸ்டமர் கேருக்குப் பேசுவதில்லை. உங்கள் கவுன்டரில் வந்து நின்று, "தம்பி, இது இன்னான்னு பாரேன்" என்று போனை நீட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். நடுராத்திரி தாண்டியதும் எழுந்து காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, விடிந்ததும் மார்க்கெட்டில் கடை விரிப்பவர். போனை ஜிப் கவருக்குள் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். தராசுக் கம்பியில் க்யூ.ஆர். அட்டை தொங்கும். வாங்குகிறவர்கள் ஸ்கேன் செய்யும் நூறும் நூற்றைம்பதும் அவர் கணக்கில் விழும். மறுநாள் ஏலப் பணமும் ஐஸ் காசும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகும். போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கவரின் மேல் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மாசாமாசம் துட்டு போவுதும்மா. நான் யாருக்கும் அனுப்பல. மவளக் கேட்டா அவளும் இல்லைன்றா."

கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தேன். 399 ரூபாய், ஐந்து முறை. ஐந்தும் காலை பத்து மணிக்கு முன். மொத்தம் 1,995. இன்னும் மேலே தள்ளினால் முதல் வரி வந்தது. அதே பெயரில் ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாயைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அக்காவின் ப்ளஸ் டூ படிக்கும் மகளைக் கூப்பிட்டேன். ரீல்ஸ் பார்க்கும்போது ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் ஆப், ஏழு நாளைக்கு ஒரே ஒரு ரூபாய். காலேஜில் சேர்வதற்குள் நாலு வார்த்தை பேசப் பழகலாம் என்று அம்மாவின் பின் நம்பரைப் போட்டிருக்கிறாள். அந்த ஆசையை யார் தப்புச் சொல்ல முடியும்? மூன்றாம் நாளே பிடிக்காமல் போய்விட்டது.

"ஆப்பைத்தான் அன்னைக்கே டிலீட் பண்ணிட்டேனே ஆன்ட்டி!"

தம்பி தங்கைகளே, உங்கள் கவுன்டரிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். நானும் இரண்டு வருஷத்துக்கு முன் இதையேதான் நம்பினேன். அப்பாவுக்குப் பழைய பாட்டு கேட்க ஓர் ஆப் போட்டுக் கொடுத்து, சரியில்லை என்று அழித்துவிட்டு, அவருடைய பென்ஷன் கணக்கில் மூன்று மாதம் பணம் போன பிறகுதான் விழித்தேன். ஆப்பை அழித்தால் போனில் இருக்கும் படம் மட்டும்தான் போகிறது. பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி நம் யு.பி.ஐ. கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அது என்ன அனுமதி என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காக. யு.பி.ஐ. ஆட்டோபே என்பது 2020 ஜூலையில் வந்த வசதி. கரன்ட் பில், இன்ஷூரன்ஸ் போல மாதாமாதம் கட்ட வேண்டியதற்கு ஒருமுறை பின் நம்பர் போட்டு ஒப்புக்கொண்டால், அடுத்த மாதத்திலிருந்து அதுவாகப் போகும். நல்ல வசதிதான். ஆனால் ஒரு ரூபாய் ட்ரையலில் நாம் போடும் பின் நம்பர் இரண்டு வேலை செய்கிறது. அந்த ஒரு ரூபாயையும் கட்டுகிறது, வரப்போகும் மாதங்களுக்கெல்லாம் ஒரே கையெழுத்தும் போடுகிறது. அதற்குப் பிறகு 15,000 ரூபாய் வரைக்குமான எடுப்புக்குப் பின் நம்பர் கேட்காது. அக்காவின் போனில் அந்த அனுமதியைத் திறந்து பார்த்தேன். மாதந்தோறும் என்று இருந்தது. அதிகபட்சம் 999 வரை என்று இருந்தது. அதாவது 399 எடுக்கிறவர்கள் நாளைக்கு விலையேற்றி 999 எடுத்தாலும் அதற்கும் அக்கா ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார். முடியும் தேதி 2049. அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்கும்.

துறைமுகத்து வேலையில் இருக்கிறவர்களுக்கு 'ஃப்ரீ டேஸ்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கப்பலில் வந்த கன்டெய்னரை வாடகை இல்லாமல் வைத்துக்கொள்ள ஷிப்பிங் லைன் சில நாள் தரும். அது தாண்டினால் டிடென்ஷன் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். ஒரு நாள் தவறினால் கிளியரிங் ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொள்வார். அதனால் டெலிவரி ஆர்டரிலேயே எதுவரை செல்லும் என்று தேதி இருக்கும். நாங்கள் அந்தத் தேதியை ஃபைல் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி வட்டம் போடுவோம். முதல் நாளே போன் அடித்து, "சார், நாளையோட முடியுது, வண்டி அனுப்புங்க" என்று சொல்வோம். கோடி ரூபாய்ச் சரக்கு வைத்திருப்பவருக்கு இவ்வளவு ஞாபகப்படுத்துதல் இருக்கிறது. ஒரு ரூபாய் கொடுத்த ப்ளஸ் டூ பெண்ணுக்கு அந்தச் சிவப்பு வட்டத்தை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் தண்டல் கடன் வாங்காத தெரு கிடையாது. தண்டல்காரர்கள் மேல் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. அந்த வட்டியில் எத்தனை குடும்பம் நொந்தது என்று பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் அவர் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிறார், கார்டில் எழுதுகிறார், "இன்னைக்கு ஏவாரம் இல்லண்ணா, நாளைக்குத் தரேன்" என்று சொல்ல ஒரு முகம் இருக்கிறது. ஆட்டோபேயிடம் அப்படிச் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டிலிருந்து ஆட்டோபே பணத்தை நெரிசல் இல்லாத நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. விதி வைத்திருக்கிறது. காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30க்குப் பின். கணக்கில் பணம் இல்லாவிட்டால் இன்னும் மூன்று முறை முயலலாம். கம்ப்யூட்டருக்கு அது நெரிசல் இல்லாத நேரம். காசிமேட்டில் ஏலம் எடுக்கிறவருக்கு அதிகாலைதான் கையில் காசு வேண்டிய நேரம். 399 குறைந்த அன்றைக்கு அக்கா வஞ்சிரத்தை விட்டுவிட்டுச் சங்கரா கூடையோடு திரும்பியிருக்கிறார். காரணம் அவருக்கே தெரியாது.

அதை நிறுத்திய கதையையும் சொல்ல வேண்டும். முதலில் நேர்வழியில் போனேன். அழித்த ஆப்பைத் திரும்ப இறக்கினேன். உள்ளே போக ஓ.டி.பி. கேட்டது. சந்தா என்ற பக்கம் முகப்பில் இல்லை. ப்ரொஃபைலுக்குள் போய், செட்டிங்ஸுக்குள் போய், உதவிக்குள் போய்க் கண்டுபிடித்தேன். ரத்து என்பதைத் தொட்டதும் கண்ணீர் விடும் ஒரு பொம்மை வந்தது. 'உங்கள் கனவைக் கைவிடப் போகிறீர்களா?' என்று கேட்டது. அடுத்த பக்கத்தில் பாதி விலைக்குத் தருகிறோம் என்றது. அடுத்த பக்கத்தில் காரணம் கேட்டது. ஒவ்வொன்றிலும் 'தொடர்க' என்பது ஆரஞ்சு நிறப் பட்டையில் பளிச்சென்று இருந்தது. 'ரத்து செய்' என்பது சாம்பல் நிற எழுத்தில், தொட முடியுமா முடியாதா என்றே தெரியாத மாதிரி அடியில் கிடந்தது. கடைசியில் ஒரு மெயில் முகவரி கொடுத்து அதற்கு எழுதச் சொன்னார்கள். அக்காவுக்கு மெயிலே கிடையாது. இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், அலுவலகத்தில் தினமும் கம்ப்யூட்டரோடுதான் வேலை. எனக்கே இப்படியென்றால் அக்கா தனியாக என்ன செய்திருப்பார்?

பிறகு அக்கா பணம் அனுப்பும் யு.பி.ஐ. ஆப்பைத் திறந்தேன். ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு, ஆட்டோபே என்ற பக்கத்துக்குப் போனால் அந்த ஆப்பின் பெயர் இருந்தது. ரத்து என்று கொடுத்து, அக்கா பின் நம்பர் போட்டார். முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிறுத்தும் வழியை அந்த ஆப்புக்குள் தேடியதுதான் என் தப்பு. பணம் எங்கிருந்து போகிறதோ அங்கே போய் அடைக்க வேண்டும். ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பக்கத்தில் நிறுத்த வேண்டும். கார்டு கொடுத்திருந்தால் கார்டு தந்த வங்கியிடம் நிறுத்த வேண்டும்.

இப்படி வளைத்து வளைத்துச் சுற்றவிடுவது கவனக்குறைவால் வந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மேல் வழக்குப் போட்டது. ப்ரைம் சந்தாவை ரத்து செய்ய நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. கம்பெனிக்குள்ளேயே அந்த ரத்து வழிக்கு 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்களாம், பத்து வருஷம் நீண்ட ட்ராய் யுத்தத்தைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயரை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கிறவர் அதே தளத்தில் கண்ணில் படும் ரத்துப் பொத்தானும் வைத்தாக வேண்டும் என்பது சட்டம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து வழியை மறைத்து வைப்பது, சுற்றவிடுவது மட்டுமல்ல. இலவசச் சந்தாவுக்காகத் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயப்படுத்திக் கேட்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. 'உங்கள் கனவைக் கைவிடப் போகிறீர்களா' என்று வெட்கப்படுத்துவதும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் அறிவிக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி தர வேண்டும்.

அந்த அறிவிப்பு அக்காவுக்கு வந்திருந்தது. ஐந்து முறையும் வந்திருந்தது. ஆங்கிலத்தில், லோன் வேண்டுமா என்று கேட்கும் முப்பது குறுஞ்செய்திகளுக்கு நடுவில்.

இந்தப் பொறி நமக்குப் புதிதல்ல. உங்கள் அப்பாக்கள் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்தில் காலர் டியூன் என்ற ஒன்று வந்தது. யாருக்கோ போன் போடும்போது தெரியாமல் ஒரு பட்டனை அமுக்கிவிட்டால் போதும், மாதம் முப்பது ரூபாய் போகும். ஐம்பது ரூபாய்க்கு டாப்அப் செய்தவர் மறுநாள் இருபது ரூபாய்தான் இருக்கிறது என்று பூத்தில் வந்து சண்டை போடுவார். 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, இப்படிப்பட்ட சேவைக்கு வாடிக்கையாளர் இரண்டாவது முறையும் உறுதி சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாக்கியது. நிறுத்துவதற்கென்று 155223 என்ற எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது டிராய் விளம்பரம் அல்ல, பூத்துக்காரர்கள்தான். என் வீட்டுக்குச் சொன்னவர் தேரடியில் கடை வைத்திருந்த அண்ணன். அவர் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டோபே எடுப்பு ஏன் அதிகம் வலிக்கிறது என்றால், இங்கே போகிற பணத்துக்கு வேறு வேலை எழுதி வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000. அதில் 399 போனால் மிச்சம் 601. அந்தப் பணம் முதன்முதலில் வந்தபோது சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் என்று பிடித்தன. மாநில அரசு அதில் கை வைக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னது. ஆப் எடுப்பதைக் கண்டிக்க ஆள் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நிவாரணம் 8,000. அதுவும் இந்தக் கணக்குக்குத்தான் வருகிறது. துறைமுகத்து ஜீரோ கேட்டில் மணிக்கணக்காக வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் டிரைவர் அண்ணன்களுக்குப் பொழுது போக்கப் போன் ஒன்றுதான் இருக்கிறது. கதை ஆப், ஜோசிய ஆப், சினிமா ஆப் என்று எல்லா ஒரு ரூபாயும் அவர்கள் கண் முன்னால்தான் ஓடுகிறது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. நிறுத்தத் தெரியாதவர்கள் கூகுளில் அந்த ஆப்பின் கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடுகிறார்கள். வருகிற நம்பர் பலமுறை மோசடிக்காரனுடையது. "பணத்தைத் திருப்பி அனுப்புறோம், இந்த ஆப்பை இறக்குங்க, திரையில் வரும் நம்பரைச் சொல்லுங்க" என்பான். 399 ரூபாயைத் தேடிப் போனவர் கணக்கில் இருந்ததெல்லாம் இழப்பார். தயவுசெய்து உங்கள் கடையில் யாருக்கும் கூகுளில் தேடி நம்பர் எடுத்துக் கொடுக்காதீர்கள். அப்படி யாராவது ஏமாந்து வந்து நின்றால் ஒரு நிமிடம்கூடத் தள்ளாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துக் கொடுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. யாராவது ட்ரையல் ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னால், பின் நம்பர் போடும் திரை வரும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த வருஷம் வரை என்று அந்த மூன்றையும் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் போட்டுக் கொடுங்கள். ட்ரையல் முடிவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியை ஒரு சீட்டில் சிவப்புப் பேனாவால் எழுதிப் போன் கவருக்குள் செருகிவிடுங்கள். ரீசார்ஜுக்கு வருகிறவர்களிடம் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரத்து செய்யும்போது அவர்களே பின் நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். நம் ஜனங்களின் வழக்கம் அது. போனை அவர்கள் பக்கம் திருப்பி, "நீங்களே போடுங்கம்மா" என்று சொல்லுங்கள். இதற்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன், அது உங்கள் உழைப்பு. ஆனால் ரெஃபரல் காசுக்காக, கேட்காதவர் போனில் ஓர் ஆப்பைப் போட்டுவிடும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். உங்களை நம்பிக் கொடுத்த போன் அது.

பணம் போய்விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டும் பரிவர்த்தனை எண்ணும் எடுத்து வைத்துக்கொண்டு 1915க்குப் பேசலாம். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசுவார்கள். அங்கே தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. 399 ரூபாய்க்கு யார் அலைவது என்று அந்தக் கம்பெனிகள் கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. ஒரே ஆப்பால் ஏமாந்த பத்துப் பேரை உங்கள் ஒரு கடையிலேயே சேர்த்துவிடலாம். மனு எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதித் தருகிறேன்.

அக்காவுக்கு 1915இல் பதிந்த பிறகு கடைசி மாதத்து 399 மட்டும் திரும்பி வந்தது. மீதி 1,596க்குப் புகார் நிலுவையில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் கிடைத்திருக்கிறார்.

1915, 1930, 155223. இந்த மூன்று எண்ணையும் எது எதற்கு என்று தமிழில் எழுதி, கவுன்டரில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுங்கள். நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் ரீசார்ஜுக்கு வரும் முதல் ஆளிடம், "உங்க ஆட்டோபேல யாரு யாரு இருக்காங்கன்னு ஒருதபா பாத்துடலாமா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
காலடிப்பேட்டையிலிருந்து உங்கள் அக்கா